மீண்டும் அழைத்தால் நோய் என்று பொருளல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்பகப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துக்கொள்ளுங்கள் என்று வலியுறுத்தும் கட்டுரைகள் பல வருகின்றன; ஆனால் அந்த அறைக்குள் என்ன நடக்கும், அதன்பின் என்ன சொல்வார்கள் என்பதை முன்கூட்டியே எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. அந்தக் குறை என் மூன்று இரவுத் தூக்கத்தைப் பறித்தது என்பதால் இதை எழுதுகிறேன்.

பரிசோதனை எளியதுதான். மேலாடையை நீக்கிவிட்டு இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். பணியாளர் மார்பகத்தைத் தட்டின் மேல் வைத்து, பிளாஸ்டிக் தகட்டால் அழுத்தி, ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து ஒன்றும் சாய்வாக ஒன்றுமாக மொத்தம் 4 படங்கள் எடுப்பார். சிலருக்கு நன்றாகவே வலிக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் சில நொடிகள்தான். திசுக்களைப் பரப்பினால்தான் ஒன்றை மற்றொன்று மறைக்காமல் படம் தெளிவாக விழும், குறைந்த கதிர்வீச்சே போதும் என்பது தெரிந்திருந்தால் அந்த நொடிகளைப் பொறுத்துக்கொள்ளலாம். மாதவிடாய் முடிந்த வாரத்தில் சென்றால் வலி குறையும். அன்று அக்குளில் பவுடரோ டியோடரண்டோ போடக்கூடாது. அவற்றின் துகள்கள் படத்தில், சில சமயம் நோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய சுண்ணாம்புப் படிவுகளைப் போல வெண்புள்ளிகளாகத் தெரியக்கூடும்.

என்னை அலைக்கழித்தது அறிக்கைதான். மார்பகப் படங்களின் முடிவை எண்ணால் குறிக்கும் ‘பைராட்ஸ்’ முறைப்படி அதில் ‘பைராட்ஸ் 0’ என்று இருந்ததைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று நிம்மதியடைந்த மறுநாளே மீண்டும் வரச்சொல்லித் தொலைபேசி வந்தது. எடுத்த படங்களை மட்டும் வைத்து முடிவு சொல்ல இயலாது, கூடுதல் படங்கள் தேவை என்பதுதான் அந்த 0-வின் பொருள் என்று யாரும் விளக்கவில்லை. கூடுதல் படமும் அல்ட்ராசவுண்டும் எடுத்தபின், திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததால் விழுந்த நிழல் அது என்று தெளிவானது. இப்படி மீண்டும் அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

எப்போது தொடங்குவது என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன: அமெரிக்காவின் 2024 பரிந்துரை 40 முதல் 74 வயது வரை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்கிறது, பிரிட்டனில் 50 வயதிலிருந்து 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை அழைக்கிறார்கள். குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் வந்திருந்தால் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அறிக்கை நன்றாக இருந்தாலும், இடையில் கட்டியோ காம்பில் இரத்தக் கசிவோ தென்பட்டால் அடுத்த முறைக்காகக் காத்திருக்கலாகாது.

பரிசோதனை மையங்கள் நாள் குறித்துக் கொடுக்கும்போதே இவற்றை அரைப் பக்கத்தில் அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். அறிக்கையிலுள்ள எண்ணுக்குக் கீழே அதன் பொருளை எளிய தமிழில் ஒரு வரி எழுத வேண்டும். தங்கள் நாளிதழ் இதை வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி