காத்த எங்க பள்ளிக்கூட வேலிகிட்ட வச்சு அளங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்துல செம்பனைய வெட்டிட்டு வீடமைப்புத் திட்டம் வரப்போவுது, லயத்துக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவுல உள்ள ரோட்டுலதான் மண் லோரி ஓடும்னு சொல்றாங்க. வீடு வேணாம்னு யாரும் சொல்லல, எங்க பிள்ளைங்களுக்கும் வீடு வேணும். ஆனா காத்த அளந்த லட்சணம்தான் சரியில்ல.

விளக்கக் கூட்டத்துல ஐபியு (காத்து மாசுக் குறியீடு) 50க்குக் கீழ, காத்து சுத்தம்னு ஸ்லைடு போட்டுக் காட்டுனாங்க. கேட்டா அது ஈப்போ தாசெக்குல உள்ள காத்து அளக்குற ஸ்டேஷன் ரீடிங்காம்! புகைமூட்டம் வந்தா அந்த நம்பர் உதவும், எங்க லயத்து வாசல்ல பறக்குற தூசி அதுல எப்படிங்க தெரியும்? இங்க வந்து அளந்தது ஒரே நாள், அதுவும் ராத்திரி பூரா மழை பேஞ்சு தூசி அடங்கின மறுநாள். ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து, சுமத்ராவுல எரிஞ்சா புகை இங்கதான் வரும், அந்த மாசங்கள்லயும் அளக்கணும்.

பிஎம் 2.5ங்கிற ரொம்பப் பொடியான தூசிக்கு நம்ம நாட்டு 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 35 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது வெறும் 15. இதுல செம்பனை எண்ணெய் மில்லு புகை தனி, லோரி டீசல் புகை தனி, கட்டுமானத் தூசி தனின்னு கணக்குப் போட்டா எல்லாமே பாஸ்தான், ஆனா மூக்கு எல்லாத்தையும் சேத்துதானே இழுக்குது.

முன்ன பக்கத்துல கடைவீடு கட்டுனப்ப வெள்ளைச் சட்டைய காயப் போட்டா சாயந்திரம் காலர்ல செம்மண் கோடு இருக்கும், பாலர் பள்ளி ஜன்னல பகல்ல கூட சாத்தியே வச்சிருந்தாங்க. அந்த செம்மண்ணு கண்ணுக்குத் தெரியும், நுரையீரலுக்குள்ள போற பொடித்தூசி தெரியாது.

இன்னொன்னு, புது அடுக்குமாடி மில்லு சிம்னிக்கு நேரா வருது. கட்டடத்தால காத்துக்கு என்ன ஆவும்னு மட்டும் பாத்தா போதாது, அந்தக் காத்தால மேல் மாடியில குடி வர்றவங்களுக்கு என்ன ஆவும்னும் பாக்கணும்.

பரப்பளவு சின்னது, இஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) கட்டாயமில்லன்னு யாராவது சொன்னாலும் நகராண்மைக் கழகம் தன் பங்குக்கு நிபந்தனை போடலாமே. பள்ளி வேலிகிட்ட மெஷின் வச்சு வெயில் காலத்துலயும் அளங்க, லோரி டயர கழுவிட்டு ரோட்டுக்கு விடுங்க, பள்ளி விடுற நேரத்துல லோரி ஓடக்கூடாது, ரீடிங்க வாராவாரம் பள்ளி நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. இதெல்லாம் எழுத்துல வந்தப்புறம் அனுமதி குடுங்க.

இப்படிக்கு,
தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்