லேசர் மைக் கேட்டு வருபவர்களுக்கு ஒரு விளக்கம்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாகக் கடைக்கு வருபவர்களில் பலரும் கேட்பது ஒன்றுதான்: "அந்த லேசர் மைக் வந்தாச்சா?" மார்த்தாண்டம் பக்கம் சர்ச் கொயரைப் பதிவு செய்கிறவர்கள் கேட்கிறார்கள், கோயில் கொடையில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றும் தம்பிகள் கேட்கிறார்கள். கவுண்டரில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறோம். தூரத்து ஜன்னல் கண்ணாடியில் லேசர் அடித்து ஒட்டுக்கேட்கும் கருவி வேறு. நாங்கள் இங்கே சொல்வது, குரலால் மைக்குக்குள் ஏற்படும் அசைவை லேசர் ஒளியால் அளக்கும் மைக். அதில் ஒளி சில மில்லிமீட்டர் அகலமுள்ள பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை.

இப்போது உங்கள் பிரச்சினைக்கு வருவோம். வில்லில் வீசுகோல் விழுகிறது, குடம் அதிர்கிறது, எல்லாம் நன்றாகப் பதிவாகிறது. கதையில் சோகம் வந்து புலவர் குரலைத் தாழ்த்தும்போது, பின்னால் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் எழுகிறது. பலரும் ரெக்கார்டரைக் குறை சொல்கிறார்கள். அந்தச் சத்தத்தில் பெரும் பங்கு பெரும்பாலும் மைக்குக்குள்ளேயே பிறக்கிறது.

செல்போனிலும் காலர் மைக்கிலும் இருக்கும் சிலிக்கான் மைக்கில் ஒரு மெல்லிய சவ்வும், அதை ஒட்டி ஓட்டைகள் போட்ட ஒரு தகடும் உண்டு. இரண்டுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். சவ்வு அசையும்போது இடைவெளி மாறும், மின்தேக்கம் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் அளவு) மாறும், அதுவே சிக்னல். சிக்னல் பலமாக வர வேண்டுமானால் இடைவெளி சின்னதாக இருக்க வேண்டும். ஆனால் சின்ன இடைவெளியில் மாட்டிய காற்று, சவ்வு ஒவ்வொரு முறை அசையும்போதும் அந்த ஓட்டைகள் வழியாகப் பிதுங்கிப் போய்வர வேண்டும். அங்கே உராய்வு. உராய்வு இருக்கும் இடத்தில், காற்று மூலக்கூறுகள் ஓயாமல் முட்டுவதும் சவ்வில் தெரியத்தான் செய்யும். அந்த முட்டல்தான் இரைச்சலாகக் கேட்கிறது. இடைவெளியைக் கூட்டினால் சிக்னல் குறைகிறது, குறைத்தால் இரைச்சல் கூடுகிறது. பொறியாளர்கள் பல வருடமாக மல்லுக்கட்டுவது இந்த இடத்தில்தான்.

ஒளி இந்தச் சிக்கலை அழகாக அவிழ்க்கிறது. அடியில் ஒரு குட்டி லேசர். அதற்கு மேலே மிக நுண்ணிய கோடுகள் வரைந்த ஒரு தட்டு, அதற்கும் மேலே கண்ணாடிபோல ஒளியைத் திருப்பும் சவ்வு. ஒளியில் ஒரு பகுதி கோடுகளிலேயே பட்டுத் திரும்புகிறது, மறுபகுதி சவ்வு வரை போய்த் திரும்புகிறது. இரண்டும் சேரும் இடத்தில் வெளிச்சம் கூடும் அல்லது மங்கும். இவ்வகை லேசர்களில் பரவலாக உள்ள 850 நானோமீட்டர் ஒளி என்றால், சவ்வு சுமார் 0.2 மைக்ரான் நகர்ந்தாலே முழு வெளிச்சம் முழு மங்கலாகிவிடும். அதில் துளியளவு அசைவும் தெரிந்துவிடுகிறது. இடைவெளி பெரிதானாலும் இந்த உணர்திறன் குறைவதில்லை. அதனால் சவ்வைச் சுற்றித் தாராளமாக இடம் விடலாம், காற்று தடையில்லாமல் போய்வரலாம்.

லேசரின் வெளிச்சமே கொஞ்சம் ஏறி இறங்கும், அதுவும் இரைச்சல்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஒளியுணரிகளை இரண்டு இடத்தில் வைக்கிறார்கள். சவ்வு அசைந்தால் ஒன்றில் வெளிச்சம் கூடும்போது மற்றதில் குறையும். லேசர் தடுமாறினால் இரண்டிலும் ஒன்றுபோல் மாறும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிட்டால் தடுமாற்றம் பெருமளவு போய்விடும், குரல் நிற்கும். இந்த வடிவமைப்பிலேயே எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இனி எண்கள். ஒரு பாஸ்கல் அழுத்தம், அதாவது 94 டெசிபெல் ஒலியை அளவுகோலாக வைத்து, மைக்கின் சொந்த இரைச்சலை விட அது எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்ப்பார்கள். சாதாரண சிலிக்கான் மைக்குகளில் அது பெரும்பாலும் 60 முதல் 70 டெசிபெல் வரை. 64 என்றால், 94-இல் அதைக் கழிக்க, மைக்கின் சொந்த இரைச்சல் 30 டெசிபெல். நார்வேயின் சென்சிபெல் நிறுவனம், அந்நாட்டு ஆய்வு நிறுவனமான சின்டெஃபில் உருவான நுட்பத்தை வைத்துச் செய்யும் ஒளி மைக்குக்கு 80 சொல்கிறது. அதாவது சொந்த இரைச்சல் 14 டெசிபெல்தான். அழுத்தக் கணக்கில் முன்னதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. பெரிய ஸ்டுடியோ மைக்குகளின் தரத்தை எட்டும் எண் இது. 146 டெசிபெல் வரை தாங்கும் என்பதால் குடத்துச் சத்தத்துக்கும் தாழ்ந்த குரலுக்கும் ஒரே செட்டிங் போதும்.

ஆனாலும் கேட்கிற எல்லோருக்கும் இதை விற்க எங்களுக்கு மனமில்லை. மேடையில் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பாடுபவருக்கு இதனால் ஒரு பலனும் இல்லை, இப்போதுள்ள டைனமிக் மைக்கே சரி. மின்விசிறி ஓடும் அறையின் சத்தமே 40 டெசிபெல்லைத் தாண்டும். அங்கே 14-க்கும் 30-க்கும் வித்தியாசம் தெரியாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றையும் லேசர் நிறுத்தாது, அதற்கு நல்ல ரோமக் கவர்தான் வழி. லேசருக்கு மின்சாரமும் கூடுதலாக வேண்டும். குளச்சல், முட்டம் பக்கத்துக்காரர்கள் எந்த மைக் வாங்கினாலும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஒளி போகும் பாதையில் நீர்த்துளியும் உப்புத்தூளும் சேரக் கூடாது.

வயதானவர்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் சேகரிப்பவர்கள், தோட்டத்தில் விடியற்காலைப் பறவைகளைப் பதிவு செய்பவர்கள், காலி சர்ச்சில் தூரத்தில் மைக் வைத்துக் கொயர் எடுப்பவர்கள், நீங்கள்தான் இதற்குக் காத்திருக்கலாம். விலை இன்னும் அதிகம், முழு மைக்காகக் கிடைப்பதும் குறைவு.

வருமுன் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். இரவில் விசிறியை நிறுத்தி, ஒரு நிமிடம் அமைதியைப் பதிவு செய்யுங்கள். அப்புறம் செட்டிங்கை மாற்றாமல், மைக்கைப் பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்து மூடி, மறுபடி ஒரு நிமிடம். இரண்டாவதில் இரைச்சல் குறைந்தால் அது அறையின் சத்தம், மைக்கை மாற்ற வேண்டாம். அப்படியே இருந்தால் மைக்கிலோ ரெக்கார்டரிலோ பிறப்பது. எதில் என்று கடையில் பார்த்துச் சொல்கிறோம், அதற்குப் பணம் வாங்குவதில்லை. ரெக்கார்டரையும் மைக்கையும் கையோடு கொண்டு வாருங்கள். பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், அது ஒலியைச் சுருக்கி நாம் தேடுகிற இரைச்சலையே மாற்றிவிடலாம். பென் டிரைவில் வேவ் ஃபைலாக எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து, நாகர்கோவில்