நவம்பரில் குளிர் இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வட இந்தியச் சமவெளிக்கான நவம்பர் மாதக் கணிப்பில் 'குறைந்தபட்ச வெப்பநிலை இயல்பைவிடக் கூடுதலாக இருக்கலாம்' என்று வந்துவிட்டால் போதும், 'இந்த வருடம் குளிரே இல்லை' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். தில்லியில் பல வருடமாகக் கம்பளியை எடுத்து உதறுகிறவன் நான். அது மாதச் சராசரி, சார்! நடுவில் நான்கு நாள் நடுங்க வைக்காது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

எங்களுக்கு வேண்டிய தகவல் வேறு. மத்தியத் தரைக்கடல் பக்கமிருந்து வரும் 'மேற்கத்திய இடையூறு' என்ற மழை தரும் காற்றழுத்தத் தாழ்வு எப்போது? அது வலுவாக வந்தால் இமயமலையில் பனி, சமவெளியில் கொஞ்சம் மழை. தூசும், வயலில் வைக்கோல் எரித்த புகையும் ஓரளவு கழுவப்படும். வராவிட்டால் காற்று அசையாது. இரவில் தரையோரக் குளிர்காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ள, புகை கீழேயே தங்கிவிடும். சரி, மழை பெய்தால் நிம்மதியா என்றால், அப்புறம் அந்த ஈரத்திலேயே மூடுபனி கட்டும். பார்வைத் தொலைவு 50 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் ரயில் வருவது அவரவர் அதிர்ஷ்டம்.

பஞ்சாப், ஹரியானாவில் கோதுமை விதைக்கும் மாதமும் இதுதான். வெதுவெதுப்பு நீடித்தால் பயிர் அவசரமாக வளர்ந்து, அடியிலிருந்து கிளைக்கும் தூர் குறையும். தலைப்பில் வேண்டாம், உள்ளே ஒரு வரியாவது போடக் கூடாதா?

– வாசகர், புதுதில்லி