கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரத்தையும் போடு

மல்லாவி,
சனிக்கிழமை பின்னேரம்

அன்பின் தேவி,

நாலு மாதமாக மூச்சே இல்லை என்று நீ திட்டினது நியாயம்தான். முழுவதையும் வாங்கிக்கொண்டேன், இனி விடு. அம்மாவின் கால் இப்போது பரவாயில்லை. வவுனிக்குளம் நிரம்பி மீன் மலிந்து கிடக்கிறது. நாங்கள் 'பச்சைக் குடை' என்று பட்டம் வைத்த ஆள் மாறவேயில்லை: அதே குடை, அதே கோபம்.

உன் குரல்செய்தி ஏழு நிமிடம். ஆறு நிமிடம் அழுகை, ஒரு நிமிடம்தான் விஷயம். மூன்றாம் பாடவேளை 8பி வகுப்புக்கு, வராத ரீச்சருக்குப் பதிலாக, ரிலீஃப் போகவில்லை என்று அதிபர் சேர் விளக்கம் கேட்டுக் கடிதம் தந்தார், நீ வாங்க மாட்டேன் என்று மேசையில் வைத்துவிட்டு வந்தாய், இப்போது ஸ்டாஃப் ரூம் இரண்டு கட்சி. இவ்வளவுதானே?

விசரி, திங்கட்கிழமை காலையிலேயே போய் அந்தக் கடிதத்தை வாங்கு. கடிதத்தை வாங்கினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. வாங்க மறுத்தாய் என்று, பள்ளியில் நடப்பதை அதிபர் எழுதிவைக்கும் சம்பவத் திரட்டில் நாலு வரி விழுந்தால், ரிலீஃப் விஷயத்தை விட அதுதான் பெரிசாகிவிடும். வாங்கும்போது அவர்களுடைய பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் எழுதி, கையெழுத்து, திகதி, நேரம் போடு. திரட்டுப் புத்தகத்தை நீட்டினால் முழுக்க வாசித்துவிட்டு 'வாசித்தேன்' என்று எழுதி ஒப்பமிடு. 'ஏற்றுக்கொள்கிறேன்' என்ற சொல் உன் பேனாவில் வரவே கூடாது.

பதில் ஒரு பக்கம் போதும். உனக்குப் பக்கம் பக்கமாக எழுதத் தெரியும், அந்தத் திறமையை எனக்கு எழுதும் கடிதத்தில் காட்டு. முதல் வரியில் அவர்களுடைய கடித இலக்கமும் திகதியும். அடுத்து நடந்தது: எந்த நாள், எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை, அப்போது நீ எங்கே நின்றாய். கடைசியில் அதற்கு அத்தாட்சி. வேறு எந்த ஆசிரியரின் பெயரும் வேண்டாம். 'மற்றவர்கள் போகாவிட்டால் கேட்பதில்லை' என்று எழுதினாயானால் உன்னைப் பற்றின கேள்விக்கு ஊரைப் பற்றிப் பதில் சொன்னதாக ஆகும், அந்த மற்றவர்களும் நாளைக்கே எதிர்க்கட்சிக்குப் போய்விடுவார்கள். 'இனிமேல் இப்படி நடக்காது' என்றும் எழுதாதே. பணிவாகத்தான் தெரியும், ஆனால் நடந்தது என்று ஒத்துக்கொண்ட வசனம் அது. இரண்டு பிரதி எடுத்துப் போய், உன்னுடையதில் அலுவலகத் திகதி முத்திரை குத்தி வாங்கு. கடிதத்தில் சொன்ன நாளுக்குள் எழுத முடியாவிட்டால், அந்த நாளுக்கு முன்பே எழுத்தில் அவகாசம் கேள். வாயால் கேட்ட அவகாசம் கணக்கில் வராது.

இனி அத்தாட்சிக்கு வருவோம். எனக்குப் பயமே அதில்தான். யார் எந்த வகுப்புக்கு ரிலீஃப் என்று எழுதும் புத்தகத்தில் நீ கையெழுத்து வைத்திருக்கிறாய். எத்தனை மணிக்கு வைத்தாய்? உங்கள் பக்கம் புத்தகம் எப்படிச் சுற்றும் என்பது தெரிந்த கதை. காலை கூட்டம் முடிய எழுதுவார்கள், மொனிற்றர் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகத் திரிவான், உன்னிடம் வரும்போது மூன்றாம் பாடவேளையே முடிந்திருக்கும். நீ கரும்பலகைப் பக்கம் ஒரு கண், புத்தகத்தில் ஒரு கண்ணாக, பெயருக்கு நேரே கிறுக்கிவிட்டு அனுப்புவாய். அந்தக் கிறுக்கலுக்கு என்ன அர்த்தம்? 'எனக்கு அறிவித்தார்கள், நான் போகவில்லை.' கையெழுத்துக்குப் பக்கத்தில் '10.05' என்று ஒரு சின்ன எண் இருந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திராது. நடந்து முடிந்த பக்கத்தில் இப்போது போய் நேரம் எழுதாதே தாயே, அது திருத்தம் செய்த குற்றம். உன் பதிலில், 'பதிவேடு என்னிடம் வந்தபோது அப்பாடவேளை முடிந்திருந்தது. அவ்வேளை நான் 10ஏ வகுப்பில் கற்பித்தேன், அவ்வகுப்பின் பாடப் பதிவில் உள்ளது' என்று எழுது. 10ஏ பதிவில் உன் ஒப்பம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுது.

கட்சி விஷயம். பஸ்காரர், ஊர்க்காரர் என்று சொன்னாய். யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் பஸ்ஸில் வருகிற ரீச்சர்மாரோடு ஊர் ஆட்களுக்கு என்ன பகை? கோயில் பகையா, காணிப் பகையா? ஒன்றுமில்லை. ஒரு பாடவேளைப் பகை, நாற்பது நிமிடப் பகை. முறிகண்டியில் பஸ் கொஞ்சம் கூட நின்றால், 7.30க்கு வரவுப் பதிவில் சிவப்புக் கோடு விழும்போது ஆறு பேர் வெளியே. அந்த ஆறு வகுப்புக்கும் முதலாம் பாடவேளை போகிறது யார்? சைக்கிளில் வந்த ஊர் ரீச்சர்மார். பின்னேரம் 1.30 பஸ்ஸுக்காகக் கடைசிப் பாடவேளை பத்து நிமிடம் முன்பே கரைகிறதென்றால் அந்தச் சத்தத்தை அடக்குவதும் அவர்கள்தான். பஸ்காரருக்கும் நியாயம் உண்டு: ஐந்து மணிக்கு எழும்பி வருகிற மனுசிக்கு இடைவேளைக்கு முன்னால் ஒரு ஓய்வு பாடவேளையாவது வேண்டும், அதைத்தான் ரிலீஃப் விழுங்குகிறது.

ஆகவே நீ எந்தக் கட்சியிலும் கதைக்காமல் ஒரு வேலை செய். ஒரு மாத ரிலீஃப் புத்தகத்தைப் பார்த்து எண்ணு. ஒருவருக்கு ஒரு வரி, அதில் கிழமைக்கு எத்தனை சொந்தப் பாடவேளை, எத்தனை ரிலீஃப், அதில் முதலாவதும் எட்டாவதும் எத்தனை. கிழமைக்கு நாற்பது பாடவேளைதானே, ஒரு தாளில் அடங்கும். அதை ஸ்டாஃப் ரூமில் விரிக்காதே. ஸ்டாஃப் வைபர் குழுவிலும் போடாதே. சேரிடம் தனியாகக் கொடுத்து, 'ரிலீஃப் பக்கத்தின் ஓரத்தில் இந்த மாதம் இதுவரை எத்தனை என்று ஒரு நிரல் போட்டால் நல்லது சேர்' என்று மட்டும் சொல். யார் கூட, யார் குறைய என்று வாயால் சொல்லாதே, எண் சொல்லும். நேர அட்டவணையிலும் இதே வழிதான். 'எனக்கு வெள்ளி கடைசி இரண்டும் கணிதம்' என்று முறைப்பாடு கொண்டுபோனால் உப அதிபருக்கு ஒரு தலையிடி. மாற்றிக்கொள்ளச் சம்மதித்த ஆளையும் கூட்டிக்கொண்டு, மாற்றின அட்டவணையைக் கீறிக்கொண்டு போனால் அவருக்கு ஒரு கையெழுத்து வேலை மட்டும்.

வைபர் என்றதும் ஞாபகம் வந்தது. அதில் 'இன்று வரமாட்டேன் சேர்' என்று போட்டால் லீவு எடுத்ததாக ஆகாது. லீவு விண்ணப்பமான பொது 125அ படிவம் நிரப்பிக் கொடுக்காவிட்டால், பிறகு 'அறிவிக்காமல் வரவில்லை' என்று எழுதுவது சுகம். நள்ளிரவில் அந்தக் குழுவில் நீ போடும் சிரிப்புப் படங்களையும் நிறுத்து. பச்சைக் குடைக்கு அவற்றைச் சேமிக்கத் தெரியும்.

யாரோ எம்பியைப் பிடித்து இடமாற்றம் எடுக்கலாம் என்று உன் அண்ணா சொன்னாராம். வேண்டாம். மனு எழுதுவதென்றால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, 'அதிபர் ஊடாக' என்று போட்டு. சேர் அதை மேசையில் கிடத்துவார் என்று பயமென்றால் இன்னொரு பிரதியில் மேலே 'முற்பிரதி' என்று எழுதிப் பதிவுத் தபாலில் நேரே அனுப்பு, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்து. அதிபரைத் தாண்டி மட்டும் எழுதினால் உரிய வழியில் அனுப்புக என்று திரும்பி வரும், கதையும் ஊர் முழுக்க வரும். இடமாற்றப் பட்டியலின் அடிப்படை வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வலயத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லவேண்டும். ஃபேஸ்புக்கிலோ பத்திரிகைக்காரரிடமோ மட்டும் வாய் திறக்காதே. அரச ஊழியருக்கான விதிப்புத்தகமான தாபனக் கோவையின் இரண்டாம் தொகுதியை எடுத்து, நடத்தையும் ஒழுக்கமும் பற்றின 47ஆம் அத்தியாயத்தை ஒருக்கா வாசி.

தேவி, இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைக் கேட்கிறேன், கோவிக்காதே. அந்த நாற்பது நிமிடம் 8பி பிள்ளைகள் யாரோடு இருந்தார்கள்? உன் ஏழு நிமிடத்தில் அது வரவில்லை. அந்த வகுப்புக்குப் பின்னால் மதில் இல்லை, முந்திரி மரம் நிற்கிறது என்று நீதான் சொன்னாய். ஒரு பிள்ளை விழுந்து கை முறிந்திருந்தால் பொலிசும் வலயமும் முதலில் கேட்டிருப்பது அந்த ரிலீஃப் புத்தகத்தைத்தான், அதில் உன் கையெழுத்து நேரமில்லாமல் கிடந்திருக்கும். உன்னைப் பிழை சொல்லவில்லை. புத்தகம் பிந்தி வருகிறது என்பதை உன் பதிலில் ஒரு வரியாகப் போடு. உன் வழக்கை விட அந்த வரி முக்கியம்.

பதிலை எழுதிக் கொடுக்கமுன் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் சிவப்புப் பேனாவோடு இருக்கிறேன், பழையபடி.

உன் அறைக்காரி

பி.கு: மாங்குளம் பஸ் கொண்டக்டரிடம் கருவாட்டுப் பார்சல் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துக் கேட்கமாட்டார், பயப்படாமல் வாங்கு.