மினுக்கம் கண்ணில் இல்லை

தேன்கனிக்கோட்டை

அன்புள்ள கண்ணு,

கம்ப்யூட்டரில் படிக்கும்போது நடுவில் இரண்டு எழுத்து காணாமல் போச்சு, அப்புறம் அந்த இடத்தைச் சுற்றி வெட்டி வெட்டி மின்னும் ஒரு வளைகோடு வந்தது, அரை மணிக்குள் அது ஓரமாக நகர்ந்து மறைந்த பிறகு தலைவலி பிடித்தது என்றாய். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தும் இரண்டிலும் தெரிந்திருக்கிறது. அப்படியானால் கோளாறு கண்ணில் இருக்க வாய்ப்பில்லை. புதுக் கண்ணாடிக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதே.

எனக்கு இது மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலியாகத்தான் படுகிறது. உன் பாட்டியும் “கண்ணுல மின்னுது, விளக்க அணை” என்று சொல்லிப் படுத்துக்கொள்வார்.

கண் அனுப்புவதைக் காட்சியாக்கும் மூளைப் பகுதி பின்மண்டையில் இருக்கிறது. மைக்ரேன் வரும்போது அங்கே நரம்பணுக்கள் திடீரென்று கொந்தளித்து, உடனே ஓய்ந்துவிடும். அது அலையாகப் பக்கத்து அணுக்களுக்கும் பரவும். கோடையில் ராத்திரி நம் மலையில் தீ ஓடும் பார், முன்னால் ஒரு வரி நெருப்பு, பின்னால் கரிந்த தரை, அதுபோல. முன்வரிதான் உன் மினுக்கம், ஓய்ந்த இடம்தான் காணாமல் போன எழுத்து. 1941இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க விஞ்ஞானி, தனக்கு வந்த மினுக்கத்தையே வரைந்து வரைந்து, அலை நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நகர்கிறது என்று கணக்குப் போட்டார். தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கிய அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1944இல் பிரேசில் விஞ்ஞானி லியாவ் முயலின் மூளையில் அப்படி ஊரும் அலையை நேரிலேயே பதிவு செய்தார்.

கோடு போகப் போகப் பெரிதானது என்று பயந்தாயே, அதற்கும் காரணம் உண்டு. பார்வையின் நடுப்பகுதிக்கு மூளையில் நிறைய இடம், ஓரத்துக்குக் கொஞ்சம்தான். அலை ஒரே வேகத்தில் போனாலும் ஓரத்தில் விரிந்து ஓடுவதாகத் தெரியும்.

இருந்தாலும் உனக்கு இது முதல் தடவை. நரம்பு டாக்டரிடம் காட்டியே ஆகணும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை யாராவது எழுதினால் இந்த மினுக்கத்தை மறைக்காமல் சொல், பக்கவாத அபாயம் கூடும். ஒரு கண் மட்டும் இருண்டால், கை மரத்தால், பேச்சு குழறினால், மினுக்கம் ஒரு மணி நேரம் தாண்டினால், யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. வண்டி ஓட்டும்போது வந்தால் ஓரங்கட்டி நில்.

வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளாதே சாமி, பசியும் இதைக் கிளப்பிவிடும். ராகி மாவு அப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். டாக்டர் எந்த நாள் நேரம் கொடுத்தார் என்று போன் பண்ணு, நானும் கூட வருகிறேன்.

அம்மா