வியாசர்பாடியிலிருந்து பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், உன் நலமறிய ஆவல். பதினோரு நாளாக நீ போன் எடுக்கவில்லை. ஆபீஸில் வேலை அதிகமாக இருக்கும் என்கிறாள் அம்மா. இருக்கலாம். பெங்களூரில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு.

இங்கே மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது, பஸ் சுற்றிப் போகிறது. ராயபுரத்து அத்தைக்கு முட்டிவலி தேவலை.

உன் நாவல் பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்ததைத் தம்பி சொன்னான். அவனைத் திட்டாதே, நான்தான் துருவினேன். பேச்சையெல்லாம் சுத்தமாக்கித் தரச் சொன்னார்களாமே. வடசென்னைக் கதை என்றால் ஒரு வெட்டுக்குத்தாவது வேண்டாமா என்றார்களாமே. நாற்பது பக்கம் ஒரு கிழவி ஜீவா ஸ்டேஷன் வாசலில் பூக் கட்டுகிறாள், இதில் கதை எங்கே என்று கேட்டார்களாம். ஆயா பூக் கட்டித்தானே என்னைப் படிக்க வைத்தாள்! அது கதை இல்லையா?

பாமா 1992-இல் 'கருக்கு' எழுதினார், ஊர்ப் பேச்சிலேயே. அதுதான் பிறகு ஆங்கிலத்துக்குப் போய் கிராஸ்வேர்ட் விருது வாங்கியது. இமையத்தின் முதல் நாவலை 1994-இல் க்ரியா பதிப்பகத்து ராமகிருஷ்ணன் போட்டார். ஒரு புது ஆளை நம்பிப் புத்தகம் போட யாராவது வேண்டும் பாப்பா. பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துச் சொல்ல யாராவது வேண்டும். உனக்கு இன்னும் அப்படி ஒருவர் அமையவில்லை. குறை அதுதான், உன் எழுத்தில் இல்லை. விடாமல் தேடு. வேளைக்குச் சாப்பிடு.

இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் ஏது? பதினொன்றாவது படிக்கும்போது நீ எழுதிய முதல் கதையை என்னிடம்தான் கொண்டுவந்தாய். அச்சுக் கோர்த்த கம்பாசிட்டர் கை, சும்மா இருக்கவில்லை. 'குந்து' எல்லாவற்றையும் 'உட்கார்' ஆக்கினேன். 'இன்னா'வை 'என்ன' ஆக்கினேன். வியாசர்பாடியை அடித்துவிட்டுப் பெரம்பூர் என்று எழுதினேன். வேலைக்குப் போன இடங்களில் எந்த ஏரியா என்று கேட்டால் நான் சொல்லிவந்த பொய் அது. பிரஸ்ஸில் அப்படிச் சொன்னவனுக்குத்தான் உட்கார ஸ்டூல் கிடைத்தது. அந்தப் பயத்தை உன் தாளில் இறக்கிவிட்டேன். போட்டியில் ஆறுதல் பரிசு வந்தது, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். தெரு முழுக்கக் காட்டினேன். நீ ஒரு நாளும் அதில் சோறு கட்டிக்கொண்டு போகவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

போன வாரம் கன்னிமாரா நூலகத்துக்குப் போய், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் போட்ட அந்தப் பெரிய தமிழ் அகராதியை எடுத்துப் பார்த்தேன். 'குந்துதல்' இருக்கிறது. விரல் வைத்து இரண்டு தரம் படித்தேன். நான் அடித்த சொல்.

நம் தெருக்கோடிப் படிப்பகத்தில் ஒன்பதாவது படிக்கும் பெண் ஒன்று, கதை எழுதிக் கொண்டுவந்து, "அக்கா எப்போ வரும்?" என்றது. பேனாவைக் கையில் எடுக்காமல் படித்தேன். அதற்குச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நீதான் சொல்லவேண்டும். கதையை இதோடு வைத்திருக்கிறேன். அவளிடம் வேறு பிரதி இல்லை, பத்திரம்.

அப்பா