பழைய கிராபிக்ஸ் கார்டுக்கும் வழி விடுங்கள்: மென்பொருள் உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள் உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். பிறர் கழித்துவிட்ட கணினிகளைச் சீர்செய்து தேவைப்படுவோருக்குக் கொடுக்கும் வேலையை நெடுநாளாகச் செய்துவருகிறேன். ரேமைக் கூட்டலாம், பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பழைய இயந்திரம்கூட எழுதவும் படிக்கவும் கணக்குவழக்குப் பார்க்கவும் தாராளமாகப் போதும். இத்தனையும் சரியான பிறகு முட்டுக்கட்டையாக நிற்பது பெரும்பாலும் கிராபிக்ஸ்தான். மேசைக் கணினியில் கார்டைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். மடிக்கணினியில் அநேகமாக அதற்கும் வழியில்லை. சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அல்லது பிராசஸருக்குள்ளேயே இருக்கும். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். புதிதாக நிறுவிய மென்பொருளின் ஐகானைச் சொடுக்குகிறோம். சுட்டி சிறிது நேரம் சுழல்கிறது. வெள்ளையாக ஒரு சாளரம் தலைகாட்டி மறைந்துவிடுகிறது. அதோடு சரி. மறுபடி சொடுக்கினாலும் அதேதான். கணினியோடு பழகியவர், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து அங்கிருந்து இயக்கிப் பார்ப்பார். ஓப்பன்ஜிஎல் சூழலை உருவாக்க முடியவில்லை என்று ஒரு வரி அங்கே கிடக்கும். படம் வரையும்படி கார்டிடம் சொல்ல மென்பொருள்கள் பயன்படுத்தும் பொது மொழிதான் ஓப்பன்ஜிஎல். பழகாதவர் என்ன செய்வார்? கணினி கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டுவார். அப்படி என்னிடம் திரும்பி வந்த மடிக்கணினிகள் உண்டு. பிரித்துப் பார்த்தால் ஒரு பழுதும் இருக்காது. தோற்றதற்கான காரணம் உங்கள் நிரலுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் திரையின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அதைச் சொல்லாமலே மூடிக்கொள்கிறது. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

கார்டு பழையது, அதனால் முடியாது என்ற பதிலை நான் அப்படியே ஏற்பதில்லை. 2011இல் வந்த இன்டெல் பிராசஸர்களில் இருந்த எச்டி 3000 கிராபிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் அந்தச் சிப்பை இயக்க இன்டெல் தந்த டிரைவர் என்னும் மென்பொருள், ஓப்பன்ஜிஎல்லின் 3.1ஆம் பதிப்பு வரைதான் போகும். விண்டோஸ் 10க்கு அந்தச் சிப்புக்கென அதிகாரபூர்வ டிரைவரே வரவில்லை. அதே மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவினால், மெசா என்னும் திறந்த மூல டிரைவர் தொகுப்பு அதே சிப்பிலிருந்து 3.3ஐ வெளியே எடுக்கிறது. 3.3 கேட்கும் மென்பொருள்கள் பல, முன்பு அடம்பிடித்த அதே திரையில் திறக்கின்றன. சிலிக்கானில் ஓர் அணுவும் மாறவில்லை. யாரோ சிலர் பொறுமையாக உட்கார்ந்து நிரல் எழுதினார்கள், அவ்வளவே. ஆகவே ஒரு கார்டு எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதில் பாதி, மனிதர்கள் எடுக்கும் முடிவுதான்.

அந்த முடிவை எடுக்கும் இடத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். பழைய வழியைக் காப்பாற்றுவது இலவசம் இல்லை என்பதை அறிவேன். ஒரே படத்தை இரண்டு விதமாக வரையும் நிரலை வைத்திருந்தால் பிழைகளும் இரட்டிப்பாகும். சோதிக்க ஆள் வேண்டும். உங்களில் பலர் சம்பளமில்லாமல், இரவில் தூக்கம் விட்டு எழுதுபவர்கள். என்றென்றைக்கும் எல்லாவற்றையும் தாங்குங்கள் என்று கேட்பது அநியாயம். நானும் அதைக் கேட்கவில்லை.

மூடுவதானால் முறையாக மூடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதற்கு நல்ல முன்மாதிரிகள் உங்கள் நடுவிலேயே இருக்கின்றன. மெசா திட்டத்தினர் 2021 இறுதியில் மிகப் பழைய சில டிரைவர்களைப் பிரதான நிரலிலிருந்து எடுத்தார்கள். தூக்கி எறிந்துவிடவில்லை, ஆம்பர் என்ற தனிக் கிளையில் வைத்தார்கள். வேண்டியவர்கள் இன்றும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். பிளெண்டரைப் பாருங்கள். 2019இல் வந்த 2.80 பதிப்பு ஓப்பன்ஜிஎல் 3.3 கேட்டது, 2023இல் வந்த 4.0 பதிப்பு 4.3 கேட்டது. முப்பரிமாண மென்பொருள் அது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. போதாத கார்டு என்றால் இன்னது வேண்டும் என்று ஒரு பெட்டியில் எழுதிக் காட்டுகிறது. அதன் பழைய பதிப்புகள் எல்லாம் தரவிறக்கத்துக்கு அப்படியே இருக்கின்றன. மாடலிங் கற்க ஆசைப்பட்ட ஒரு மாணவிக்கு நான் கொடுத்த கணினியில் புதிய பதிப்பு ஓடவில்லை. 2.79ஐ நிறுவிக் கொடுத்தேன். வடிவங்களின் உச்சிகளை இழுப்பது, முகங்களைப் பிதுக்குவது, ஒளியை எங்கே வைப்பது எல்லாவற்றையும் அதிலேயே கற்றுக்கொண்டாள். மெனுக்கள் இன்றைய பாடங்களோடு ஒத்துவராதபோது சிணுங்கினாள், உண்மைதான். ஆனாலும் கற்றாள். அந்தப் பழைய பதிப்பை யாரோ அழிக்காமல் வைத்திருந்ததால் நடந்தது இது.

முப்பரிமாணத்தை விடுங்கள். என்னைக் கலங்கவைப்பது, கார்டே தேவைப்படாத வேலைகளுக்கும் கார்டைக் கட்டாயமாக்குவது. எழுத்துகளை மட்டும் காட்டும் டெர்மினல் நிரல் ஒன்றுக்கு ஓப்பன்ஜிஎல் 3.3 எதற்கு? அலாக்ரிட்டி என்னும் டெர்மினல் பல காலம் அதைக் கேட்டது. பிறகு அதன் குழுவினர் 2022இல் ஓப்பன்ஜிஎல்லின் எளிய வடிவமான ஓப்பன்ஜிஎல் இஎஸ் 2.0ஐக் கொண்டு வரையும் வழியையும் சேர்த்தார்கள். அதைப் படித்த அன்று மனம் நிறைந்தது. பின்னோக்கி வழிவிடுவதும் முன்னேற்றம்தான் என்று நினைக்கும் குழுக்கள் இருக்கின்றன. கோடோ விளையாட்டு எஞ்சினின் 4ஆம் பதிப்பு, ஓப்பன்ஜிஎல்லுக்குப் பின் வந்த வல்கனுக்கு மாறியபோதும், ஓப்பன்ஜிஎல் 3.3இல் ஓடும் எளிய வழியொன்றையும் பக்கத்திலேயே வைத்தது. ஃபயர்பாக்ஸ் உலாவி, கார்டு கைகொடுக்காவிட்டால் பிராசஸரைக் கொண்டே பக்கத்தை வரைந்துவிடுகிறது. மெதுவாகத்தான் வரும், வந்துவிடும். குறிப்பு எழுதும் மென்பொருளும் உரையாடல் செயலியும் நிழல், மங்கல், அசைவு இவற்றுக்காகக் கார்டை நம்பியிருக்கும்போது, அந்த அலங்காரங்களை அணைக்கும் பொத்தான் ஒன்றையும் வையுங்கள். அமைப்புகளின் அடிமடியில் ஒளிக்காமல் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

கார்டின் பெயரைப் பார்த்துத் தடுக்கும் பழக்கத்தையும் மறுபரிசீலனை செய்யுங்கள். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு டிரைவரில் இருந்த பிழைக்காகத் தடைப்பட்டியலில் ஏறிய சிப், டிரைவர் திருந்திய பிறகும் அந்தப் பட்டியலிலேயே கிடக்கலாம். அந்தந்த நேரத்தில் கார்டையே கேட்டால் தன்னால் எது முடியும் என்று அதுவே சொல்லும். வீடியோவுக்கும் இது பொருந்தும். பழைய கார்டுகள் பலவற்றில் எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவைப் பிரித்துக் காட்டும் மின்சுற்று உண்டு. 2018இல் வந்த ஏவி1 என்ற சுருக்க முறைக்கு அது இருக்க வாய்ப்பே இல்லை. ஏவி1 வீடியோவைத் தள்ளினால் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழுகிறது. விசிறி இரைகிறது, படம் விட்டுவிட்டு ஓடுகிறது, மடியில் வைக்க முடியாத சூடு. இன்ன வகை வீடியோ சீராக ஓடுமா, மின்சாரத்தை அதிகம் தின்னாமல் ஓடுமா என்று உலாவியிடமே கேட்டறியும் வசதி இருக்கிறது. வீடியோ தளங்களைக் கட்டுபவர்கள் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினால் எத்தனையோ மடிக்கணினிகள் அமைதியாக ஓடும்.

கார்டு தயாரிப்பவர்களும் இந்த மடலைப் படிக்கக்கூடும்; அவர்களிடம் ஒரு வார்த்தை. ஏஎம்டி 2007 முதல் தன் சிப்களின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. அந்நிறுவனமே கைவிட்ட டெராஸ்கேல் என்னும் பழைய வகைக் கார்டுகளுக்கு மெசாவில் இன்றும் டிரைவர் உயிரோடு இருப்பதில் அந்த முடிவுக்குப் பெரிய பங்குண்டு. மறுபக்கம், 2016இல் வந்த பாஸ்கல் கார்டுகளுக்கு 580 தொடர் டிரைவரே கடைசி என்று என்விடியா 2025இல் அறிவித்தது. லினக்ஸில் அவற்றுக்குத் திறந்த மூல டிரைவரான நூவோ இருக்கிறது. ஆனால் என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள் ஏற்றப்படும் நிரல், இல்லாமல் கார்டின் வேகத்தை உயர்த்த அதற்கு வழியில்லை. கணினி தொடங்கும்போது இருக்கும் குறைந்த வேகத்திலேயே கார்டு நின்றுவிடுகிறது. ஆதரவை நிறுத்தும் நாளில் அந்த ஃபர்ம்வேரையாவது கொடுத்துவிட்டுப் போகலாம். போட்டியாளருக்கு அதில் இனி என்ன ரகசியம் கிடைக்கப்போகிறது?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11, அதன் சொந்த வரைகலை மொழியான டைரக்ட்எக்ஸ் 12க்கு ஏற்ற கார்டையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி போன்ற வேறு சிலவற்றையும் கேட்கிறது. இனி இன்னும் நிறையக் கணினிகள் என்னைப் போன்றவர்கள் கைக்கு வரும். வராதவை எங்கே போகும் என்பது தெரிந்ததே. உலகளாவிய மின்கழிவு அறிக்கையின்படி 2022இல் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடுதான்.

இதற்கெல்லாம் பழைய கார்டுகளை வாங்கி அடுக்கிவைத்துச் சோதிக்க வேண்டுமோ என்று நீங்கள் மலைக்கக்கூடும். வேண்டியதில்லை. மெசாவில் எல்எல்விஎம்பைப் என்று ஒன்று உண்டு; கார்டே இல்லாமல் பிராசஸரை வைத்து வரையும். ஓப்பன்ஜிஎல் பதிப்பைக் குறைத்துச் சொல்லவைக்கும் வசதியும் மெசாவில் இருக்கிறது. உங்கள் புதிய கணினியையே 2.1 மட்டும் தெரிந்த கணினியாக நடிக்கவைக்கலாம். அடுத்த வெளியீட்டுக்கு முன் ஒருமுறை அப்படி இயக்கிப் பாருங்கள். மெதுவாகவாவது திறந்தால் நல்லது. திறக்காவிட்டால், என்ன குறைகிறது, எந்தப் பழைய பதிப்பு இதில் ஓடும் என்ற இரண்டையும் திரையில் எழுதிக் காட்டுங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
பழைய கணினிகளைப் பழுதுபார்க்கும் ஒருவர்